சூளையில் காயாத ஜாடி

தேரிக்காட்டின் சிவப்பு மணல் சரிந்து சரிந்து வந்து கடைசியில் கடலில் கால் நனைக்கிற இடத்தில் ஆனைத்தாழை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் எப்சிபா என்றொருத்தி தானே மண் பிசைந்து, தானே சக்கரத்தில் ஏற்றி, தானே விறகுச் சூளையில் சுட்டுக் கோப்பையும் தட்டும் ஜாடியும் செய்துகொண்டிருந்தாள். பெரிய புயலுக்கு அடுத்த வருஷம், கல்லறைத் திருநாள் கழிந்த வாரத்தில், அவள் சூளை வாசலின் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது கோப்பைகளும் தட்டுகளும் கிண்ணங்களும் கல்லைப்போல இறுகி வெளியே வந்தன. கடைசி வரிசையில், தீ வந்து மோதித் திரும்புகிற மூலையில் வைத்திருந்த பெரிய ஜாடி மட்டும் ஈரமாக வந்தது.

சக்கரத்திலிருந்து அப்போதுதான் அறுத்து இறக்கியதுபோல அப்படி ஒரு பச்சை ஈரம். தொட்டால் விரல் புதைந்தது, எடுத்தால் குழி நின்றது. அதற்கு இந்தப் பக்கம் இருந்த கிண்ணத்தில் சாம்பல் உருகித் தேன்போல வழிந்து உறைந்திருந்தது. அந்தப் பக்கம் இருந்த கோப்பையைச் சுண்டினால் பூசை மணிபோலக் கணீரென்றது. நடுவில் நின்ற ஜாடி, குளித்துவிட்டு வந்த பிள்ளைமாதிரிக் குளிர்ந்து நின்றது. எப்சிபா கொஞ்ச நேரம் தன் விரல் நுனியைப் பார்த்தாள். பிறகு, இட்லிக் கொப்பரையைத் திறந்து பார்த்து, இது இன்னும் வேகவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறவள்போல ஜாடியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்து, முற்றத்துப் பூவரச மரத்தடியில் ஒரு பலகைமேல் வைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு, மற்றப் பாத்திரங்களைத் துடைக்கப் போனாள்.

எப்சிபா அந்தக் கரையில் பிறந்தவள் இல்லை. தேரிக்கு உள்ளே பனைக்காட்டு ஊரில் பிறந்து, வடக்கே ஒரு கலைக்கல்லூரியில் படித்து, சக்கரத்தின்மேல் பைத்தியமாகி, படித்த பெண் சட்டிபானை செய்யவா திரும்பி வந்தாள் என்று சொந்தக்காரர்கள் தலையிலடித்துக்கொள்ள, கடலோரத்தில் ஓடு வேய்ந்த ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை ஸ்டூடியோவாக்கிக்கொண்டவள். அவளுக்கு மண் ஏற்றி வந்தவன் கஸ்பார். மீன் கம்பெனிக்கு ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் மண் இறக்கிவிட்டுச் சக்கரம் சுற்றுவதை வேடிக்கை பார்க்க நின்றான், மறுநாளும் நின்றான், ஐஸ் எல்லாம் உருகித் தெருவோடு ஓடி வேலை போன பிறகும் நின்றான். இடிந்துபோன ஐஸ் ஃபேக்டரியின் செங்கல்லைச் சுமந்து வந்து அவளுக்குச் சூளை கட்டிக் கொடுத்தவன் அவன்தான். அவள் புராட்டஸ்டண்ட், வேதக்கோயில்காரி; அவன் கத்தோலிக்கன், மாதாகோயில்காரன். அவர்கள் கட்டிக்கொண்டபோது இரண்டு கோயிலும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டன, பிறகு இரண்டு கோயிலும் அவளிடமே பூச்சாடி வாங்கின. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் அவன் தோளில் ஏறி இறங்கினார்கள், அவ்வளவுதான்.

புயல் வந்த வருஷம், ஞானப்பூ மாமியின் மகன் மிக்கேலுடைய படகில் ஓர் ஆள் குறைந்தது. ஒரு தடவைக்குத்தானே என்று கஸ்பார் ஏறிப் போனான். அந்த ஒரு தடவையில் ஆனைத்தாழைப் படகுகளில் பாதி திரும்பவில்லை. கடல் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓர் உடம்பு இல்லை, ஒரு சட்டை இல்லை, ஒற்றைச் செருப்பு இல்லை. ஊர்க் கல்லறையில் பேர் எழுதிய சிலுவைகளை நட்டார்கள். அவற்றின் அடியில் வெறும் மணல் இருந்தது. திருநாளுக்கு வெறும் மணலுக்கு மெழுகுவத்தி கொளுத்தினார்கள். எப்சிபா மட்டும் சிலுவை நடவில்லை. அந்த வருஷம் முழுக்கச் சக்கரத்தையும் தொடவில்லை. பிறகு ஒரு காலையில், ஏனென்று அவளுக்கே தெரியாமல், உட்கார்ந்து மண் பிசைந்தாள். அன்று கிணற்று மோட்டார் ஓடாததால் கடல்தண்ணீரில் பிசைந்தாள் என்றும், அதனால்தான் அப்படி ஆயிற்று என்றும் பின்னால் சொன்னவர்கள் உண்டு. தேரி மண்ணுக்கு அந்தக் குணம் உண்டு என்றவர்களும் உண்டு. ஊரில் பெரும்பாலோர் காரணத்தைக் கேட்கவே இல்லை. அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

சூளை திறந்த மறுநாள் காலை, வழக்கம்போல மீன் கொடுக்க வந்த ஞானப்பூ மாமிதான் முதலில் பார்த்தாள். எப்சிபா அப்போதுதான் சாக்கை எடுத்திருந்தாள். ஜாடியின் வயிற்றில், உள்ளேயிருந்து யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தியதுபோல, ஐந்து விரலும் விரிந்த ஒரு கை வெளியே புடைத்துக்கொண்டு நின்றது.

"ஏ எப்சி, என்னட்டி இது? உள்ள ஆளு நிக்கா?"

"யாரும் இல்ல மாமி. உள்ள வெறும் காத்துதான்."

"அப்ப இந்தக் கை?"

"ராத்திரி மூடும்போது இல்ல. இப்ப இருக்கு."

மாமி கூடையை இறக்கி வைத்தாள். மீன் செதில் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் வளைந்து பெருவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலை இழுக்கிற வின்ச்சுக் கயிற்றில் மாட்டி ஒடிந்து, சரியாகக் கட்டாமல் கூடிய விரல். மாமி தன் கையை அதன்மேல் வைத்தாள்.

"மிக்கேலு," என்றாள், அடுத்த வீட்டில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில். "ஏல மிக்கேலு. இங்கனயா இருக்க?"

அன்று மாமி மீன் விற்கப் போகவில்லை. ஜாடிக்கு எதிரே மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, வீட்டுக் கதை, ஊர்க் கதை, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை, கூரை ஒழுகுகிற கதை எல்லாம் மகனுக்குச் சொன்னாள். வெயில் சாய்ந்து கோயிலில் விளக்கு வைக்கிற நேரம், கை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. ஜாடியின் வயிறு பழையபடி வழுவழுவென்று ஆனது. மாமி அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ எழுந்து சேலையை உதறினாள். "சரி, அவனுக்கு அசதி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் வேறொரு கை வந்தது. அதற்கடுத்த நாள் வேறொன்று. ஜாடி ஒரு நாளைக்கு ஒரு கையைக் காட்டியது. அதைப் போய் எழுப்பிப் பிரயோசனம் இல்லை, கெஞ்சிப் பிரயோசனம் இல்லை, விடிய வேண்டும், சாக்கை எடுக்க வேண்டும், அப்போது அங்கே யாராவது இருப்பார்கள். மோதிரம் போட்ட கை வந்தது, மோதிரத்தின் வேலைப்பாடுகூடத் தெரிந்தது. சுண்டுவிரல் பாதி இல்லாத கை வந்தது. துடுப்புப் பிடித்துத் தழும்பேறிய கைகள் பல வந்தன. அவற்றை ஆண்கள் குழப்பிக்கொண்டார்கள், பெண்கள் ஒருத்திகூடக் குழப்பிக்கொள்ளவில்லை. கழுத்து வழியாகக் கையை விட்டு உள்ளே தொட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டதற்கு எப்சிபா இடம் கொடுக்கவே இல்லை. கழுத்து குறுகலானது, பச்சை மண், முழங்கை இடித்தால் கிழிந்துவிடும். "வெளிய எவ்வளவு வேணும்னாலும் தொடுங்க. உள்ள வேண்டாம்," என்றாள். அதுவே ஜாடியின் சட்டமாயிற்று.

ஊர் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஜாடிக்கு இடம் விட்டது. விடிகாலைப் பூசை இன்னும் விடிகாலைக்குப் போனது. யாருடைய கை என்று தெரிந்த பிறகுதான் மீன் ஏலம் தொடங்கியது. ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் வயர்லெஸில் கரையைக் கூப்பிட்டு, காற்று எப்படி என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு யாரு?" என்று கேட்டன. டீக்கடையில் பால் வந்துவிட்டதா என்று கேட்கிற தொனியிலேயே கை வந்துவிட்டதா என்று கேட்டார்கள். அன்றைக்கு யாருடைய கையோ அந்த வீட்டுக்கே ஜாடி சொந்தம். மற்றவர்கள் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, விலகிப் போய்விட வேண்டும். அந்த வீட்டார் பாய் விரித்து, அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டுவந்து வைத்துப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கருவாட்டு வாசனைக்கு வந்த ஆடு ஒன்று, ஜாடியில் அன்று நின்ற பெரிய சந்தியாகுவின் கட்டைவிரலை நக்கிவிட்டு அடி வாங்கியது.

பங்குச்சாமி வந்து, குடையை மடக்கி வைத்துவிட்டு, ஜாடியைச் சுற்றி வந்து பார்த்தார். திரும்பும்போது, மேற்றிராசனத்து ஆயருக்குச் சொல்லவா வேண்டாமா என்று கோயில் உபதேசியார் தொம்மையிடம் யோசனை கேட்டார்.

"சொன்னா அங்க இருந்து பத்துப் பேரு வருவாவ சாமி," என்றார் தொம்மை. "வந்தவுகளுக்கு நிழல்ல உக்கார இடம் இல்ல. அன்னைக்குன்னு பாத்து எம் மருமவன் கை வந்துச்சுன்னா நாங்க எங்க போயி உக்கார?"

சாமிக்கு அது நியாயம் என்று பட்டது, விட்டுவிட்டார். பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்தார். படத்தில் பூவரச மரமும் ஒரு ஜாடியும் மட்டும் விழுந்தன. சென்னையிலிருந்து எப்சிபாவின் பாத்திரங்களை வழக்கமாக வாங்குகிற கடைக்கார அம்மா ஃபோனில், அந்த ஜாடியைக் கண்காட்சிக்கு அனுப்பேன் என்றாள். "அதுக்கு இங்க வேல இருக்கு மேடம்," என்றாள் எப்சிபா.

வேலை இருக்கத்தான் செய்தது. மிக்கேலின் தகப்பன் வழியில் ஒரு பெரியவர், தன் மகனோடு ஏழெட்டு வருஷம் பேசாமல் இருந்தவர், மகனின் கை வந்த அன்று காலையிலிருந்து மதியம்வரை தெருமுனையிலேயே நின்றார். பிறகு தோள்துண்டை எடுத்து ஜாடிமேல் போட்டு, துண்டுக்கு மேலாகக் கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் துண்டை அவரே உருவிக் கீழே போட்டார். சகாயஜெனி என்கிற இளம்பெண், புருஷன் கை வந்ததும் எல்லாரையும் முற்றத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டு, தன்னைக் கேட்டு வேறொருவன் வந்திருப்பதை அவனிடம் சொன்னாள். எப்சிபா அப்போது கிட்டங்கிக்குள் கோப்பைகளுக்குக் கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாமென்றாலும் காதில் விழுந்தது. "நீரு சொல்லும். சரின்னா சரின்னு சொல்லும், இல்லன்னா நான் இப்படியே இருந்துக்கிடுதேன்," என்று பெண் சொல்வதும், வெகு நேரம் கழித்து அவள் ஒரே ஒரு தடவை சத்தமாகச் சிரிப்பதும் கேட்டது. அவள் கைக்குக் கீழே மண் என்ன சொன்னது என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. பெரிய நோன்பு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் முதல் இலை பூவரச மரத்தடிக்கு வந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் வந்துகொண்டிருக்க, எப்சிபா ஒவ்வொரு விடியலிலும் சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கஸ்பாரின் கையை அவளுக்கு அடையாளம் சொல்லத் தெரியாது; தழும்பு இல்லை, கோணல் இல்லை, மோதிரம் இல்லை; லாரி ஸ்டியரிங்கையும் செங்கல்லையும் பிடித்த சாதாரணப் பெரிய கை. ஆனால் அவள் சக்கரத்தில் இருக்கும்போது சேலை முந்தானையைச் செருகிவிட்ட கை அது, இருட்டில் தண்ணீர்ச் செம்பைக் கேட்காமலேயே நீட்டின கை. வந்தால் தெரியும். சாக்கை எடுப்பாள், வேறு ஒருவனுடைய கை இருக்கும், அந்த வீட்டு வாசலில் போய், "உங்க ஆளு வந்திருக்காரு," என்று அவளே சொல்லிவிட்டு வருவாள். பெரும்பாலும் சந்தோஷமாகவே சொன்னாள். சில நாள் சொல்லிவிட்டுத் திரும்பும்போது கடற்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் எல்லாரும் வந்துவிட்டார்கள். உபதேசியாரின் மருமகனும் வந்துவிட்டான். புயலில் போனவர்களில் கஸ்பார் ஒருவன்தான் மிச்சம். ஊருக்கு அது ஒரு திருவிழாவின் முந்தின நாள் மாதிரி ஆயிற்று. தங்கள் தங்கள் ஆள் வந்தபோது எப்சிபாவின் முற்றத்தை மிதித்துக் குழப்பியவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைப் பெருக்கி, புது மணல் கொட்டி, மரத்தடியில் கோலமும் போட்டார்கள். ஞானப்பூ மாமி ஒரு கத்தரிப்பூ நிறச் சேலை கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாளைக்கு இத உடுத்து. மண்ணு அப்பின சேலையோட நிக்காத அவன் முன்னால."

"அவரு என்னய மண்ணு இல்லாமப் பாத்ததே இல்ல மாமி."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

விடிந்ததும் ஊரே வேலிக்கு வெளியே நின்றது. எப்சிபா புதுச் சேலையில், தலைக்கு ஊற்றி, ஈரக் கூந்தலோடு வந்து சாக்கை எடுத்தாள்.

ஜாடியின் வயிற்றில் ஒரு குழந்தையின் கை இருந்தது.

இரண்டு வயது, மிஞ்சினால் மூன்று. விரல்கள் குண்டு குண்டாக, ஒவ்வொரு கணுவிலும் ஒரு மடிப்போடு, முழு பலத்தோடு அழுத்தப்பட்டதுபோல எல்லாக் கைகளையும்விட எடுப்பாகப் புடைத்து நின்றது. உள்ளங்கை ரேகைகள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. படகில் பிள்ளைகள் யாரும் போகவில்லையே என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். காய்ச்சலிலும் கிணற்றிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஊரில் உண்டு. அந்தத் தாய்மார்கள் முன்னால் வந்து, ஒவ்வொருத்தியாகக் கை வைத்துப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார்கள். ஒரு தாய் பொய்யாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தவள்போலக் கையை எடுக்காமலே நின்று, பிறகு அவளும் எடுத்தாள். பக்கத்துக் கரைகளுக்கு ஆள் போனது. உப்பளத்தில் வேலை செய்ய எங்கிருந்தோ வந்திருந்த குடும்பங்களைக் கூட்டி வந்தார்கள். தேரிக்குள்ளிருந்து பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருவருடையதும் இல்லை.

அந்திக்கு விளக்கு வைத்தார்கள். கை போகவில்லை.

மறுநாளும் இருந்தது. அதற்கும் மறுநாள், சாக்கை எடுத்த எப்சிபாவுக்கு மற்றவர்கள் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது: ஜாடியின் வாய் விளிம்பு வெளுத்திருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக மண் காய ஆரம்பித்திருந்தது. குனிந்து பார்த்தாள், விளிம்பில் தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காய்ந்து, சுடாமல் நின்றால், கடற்காற்றின் ஈரம் ஏறி ஏறி அது ஒரு மழைக்காலத்தில் பொடிந்துபோகும். சுட வேண்டும், சுட்டால் இந்த முறை இறுகிவிடும் என்று அவள் விரலுக்குத் தெரிந்தது, இறுகிய ஜாடியில் இனி எந்தக் கையும் வராது. இல்லையென்றால் நன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்து, பஞ்சால் தடவி வயிற்றைப் பழையபடி வழித்துவிட வேண்டும். அப்போது மண் மறுபடி உயிர்பெறும், நாளைக்குக் காத்திருக்கலாம். ஆனால் நனைத்தால் இந்தச் சின்னக் கை கரைந்துவிடும்.

முற்றத்தில் கூடியிருந்தவர்களிடம் அவள் இதை உள்ளபடியே சொன்னாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் ஞானப்பூ மாமி. "நனைச்சிரு மக்கா. எங்க எல்லாருக்கும் வந்தாச்சு. உனக்கு வரணும்லா."

"ஆமா எப்சி, நனைச்சிரு," என்றாள் சகாயஜெனி. வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மகனிடம் பேசாமல் இருந்த பெரியவர்கூட, "நனைச்சிரும்மா," என்றார். பங்குச்சாமி, அந்தக் குழந்தைக்காக ஒரு பூசை வைத்துவிடலாம், அதன் ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி கிடைக்கும் என்றார். ஒருவர் முகத்திலும் கள்ளம் இல்லை. அவள் படுகிற பாட்டை ஒரு வருஷமாகப் பார்த்தவர்கள், அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தார்கள்.

எப்சிபா வாளியில் தண்ணீர் எடுத்து வந்தாள். பஞ்சை முக்கினாள். ஜாடியின் முன்னால் மண்டியிட்டாள். பஞ்சிலிருந்து சொட்டிய முதல் துளி சுண்டுவிரல் நுனியில் விழுந்து, நகம் இருந்த இடத்தைக் கொஞ்சமாக மழுக்கியது. அதைப் பார்த்ததும் அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஊர் பார்த்துக்கொண்டிருக்க, வெயில் ஏறிக்கொண்டிருக்க, அவள் அப்படியே இருந்தாள். பிறகு பஞ்சை வாளியில் போட்டாள்.

"என்னால முடியாது மாமி."

"கஸ்பாரு வேண்டாமா உனக்கு?"

"வேணும்." அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அவரு கைய எனக்குத் தெரியும் மாமி. வந்தாலும் தெரியும், வராட்டாலும் தெரியும். இந்தப் பிள்ளைய ஒருத்தருக்குமே தெரியலயே. நானும் அழிச்சிட்டா, அது எங்க போவும்?"

ஞானப்பூ மாமிதான் முதலில் எழுந்தாள். வீட்டுக்குப் போய், கரையில் சும்மா கிடந்த மிக்கேலின் பழைய கட்டுமரத்தின் ஒரு மரத்தை, தான் ஒரு தலையும் தன் தம்பி ஒரு தலையுமாகத் தூக்கி வந்து சூளையருகே போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். உடைமர விறகு வந்தது, காய்ந்த பனைமட்டை வந்தது, ஒடிந்த துடுப்புகள் வந்தன, மாதாகோயிலின் பழைய கொடிமரம் வந்தது, வேதக்கோயிலின் செல்லரித்த பெஞ்சு வந்தது. விளிம்பு வெடிப்பைக் களிமண் குழம்பால் அடைத்து, நிழலில் மெதுவாகக் காயவிட்டு, ஜாடியைத் தூக்கிச் சூளையின் நடுவில், வேறு எந்தப் பாத்திரமும் இல்லாமல் தனியாக வைத்தாள் எப்சிபா. கையைத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். வாசலைச் செங்கல்லால் அடைத்து, ஒரு கல் மட்டும் உருவிப் பார்க்கிற மாதிரி விட்டாள்.

விடியலில் தீ வைத்தார்கள். முதலில் சின்னத் தீ, குழந்தைக்கு வெந்நீர் வைக்கிற தீ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எப்சிபா மட்டும்தான் எப்போதும் சூளைக்கு விறகு போடுவாள், யாரையும் கிட்டே விடமாட்டாள். அன்று எல்லாரும் போட்டார்கள், அவள் போடச் சொன்ன நேரத்துக்கு, போடச் சொன்ன அளவுக்கு. வெயிலும் தீயும் சேர்ந்து முகங்களைக் காய்ச்சின. புகைபோக்கியிலிருந்து கரும்புகை போய், வெண்புகை போய், கடைசியில் புகையே இல்லாமல் ஒரு நாக்கு மட்டும் நின்று ஆடியது. கடலுக்குப் போயிருந்த படகுகள் அதைப் பார்த்துக் கரைக்குத் திரும்பின.

உச்சச் சூடு வந்தபோது எப்சிபா அந்த ஒற்றைக் கல்லை உருவினாள். உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. சூளைச் சுவர் தெரியவில்லை, தீ தெரியவில்லை, வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஜாடி தானும் வெளிச்சமாகி, மெல்லிய தோல் கட்டிய விளக்குபோல நின்றது. அதன் வயிற்றில் அந்தச் சின்னக் கை, வெளிச்சத்தைவிட ஒரு பங்கு கூடுதல் வெளிச்சமாக, விரல் விரித்து நின்றது. அவள் பார்த்துவிட்டு நகர்ந்தாள். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் போய் மணலில் உட்கார்ந்தார்கள். பங்குச்சாமி பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள்; அவை அழவில்லை, தங்கள் கையை நீட்டின. தேரியிலிருந்து கடல்வரை அந்த நேரம் காற்று அடிக்கவே இல்லை என்று ஆனைத்தாழையில் இப்போதும் சொல்வார்கள்.

சூளை ஆற நாளாயிற்று. அவசரப்பட்டுத் திறந்தால் வெடித்துவிடும் என்று அவள் காத்திருந்தாள், ஊரும் காத்திருந்தது. மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில் செங்கற்களைப் பிரித்தாள். ஜாடி நின்றது. சுண்டினாள், ஆழமாக, வெகு நேரம், கோயில் மணி அடங்கும்போது கேட்கிற ஒலி கேட்டது. விறகின் சாம்பல் பறந்து படிந்து உருகி, ஜாடி முழுவதும் இளம்பச்சையும் தேன்நிறமுமாகப் பளபளத்தது. கை அப்படியே இருந்தது. தண்ணீர் சொட்டி மழுங்கிய சுண்டுவிரல் நகமும் மழுங்கியபடியே இருந்தது. ஞானப்பூ மாமி தன் கைவிரலால் அந்தக் கையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவி, "இனி ஒண்ணும் பயமில்ல, என்ன?" என்று அதனிடம் சொன்னாள்.

ஜாடியை மரத்தடிக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு, உள்ளே உதிர்ந்த சாம்பலைத் துடைப்பதற்காக எப்சிபா ஈரத்துணியோடு கையை உள்ளே விட்டாள். இப்போது கழுத்து கல்; கிழியும் என்ற பயம் இல்லை. கை தோள்வரை போயிற்று. விரல்கள் அந்தச் சின்னக் கையின் குழியைத் தேடிப் போயின. குழி கிடைத்தது, அவளுடைய விரல் நுனிகள் மட்டும் அதில் கொள்ளும். அவள் துடைக்கத் தொடங்கினாள், பிறகு நிறுத்தினாள்.

சின்னக் குழியைச் சுற்றி இன்னொரு குழி இருந்தது. அகலமாக, ஆழமில்லாமல், வெளியே தெரியாத அளவுக்கு மேலோட்டமாக. குழந்தையின் புறங்கைமேல் தன் பெரிய உள்ளங்கையை வைத்து, இங்கே அழுத்து, இன்னும் கொஞ்சம், பலமாக, என்று யாரோ சேர்ந்து அழுத்தியிருந்தார்கள். எப்சிபா துணியை உள்ளேயே விட்டுவிட்டுத் தன் கையை விரித்து அந்தப் பெரிய குழியில் பொருத்தினாள். ஒவ்வொரு விரலுக்கும் மேலே ஒரு கணு இடம் மிச்சம் இருந்தது. எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டுமோ அவ்வளவு.

அடையாளம் தேட வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் போய் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், யார் பெற்றதோ, யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்று தன் முறையை அதற்குக் கொடுத்திருக்கிறான், கொடுத்துவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. அவள் ஜாடியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சூளையின் கடைசிச் சூடு குழிக்குள் இன்னும் ஆறாமல் இருந்தது.

"என்ன எப்சி?" என்றாள் ஞானப்பூ மாமி பயந்துபோய். "கை மாட்டிக்கிட்டா? எண்ண கொண்டு வரட்டா?"

"வேண்டாம் மாமி," என்றாள் எப்சிபா, கண்ணைத் திறக்காமல். "இந்தா, எடுத்துருதேன்."

சொன்னாளே தவிர, எடுக்கவில்லை.